கேட் திறந்திருந்தபோது நின்ற கார்

வாடிக்கையாளர் ஒருவர் "பிரேக் வேலையை வீட்டில் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், அவர் முகத்துக்கு நேரே சிரிக்கக் கூடாது. சர்வீஸ் ஊழியர்களுக்கான கையேட்டில் இப்படி ஒரு விதி இருக்கிறது. அந்தக் கையேட்டை எழுதியவன் நான். எழுதிக் கொடுத்து, ஓய்வும் பெற்று, சிட்லபாக்கத்தில் வந்து உட்கார்ந்த சில மாதங்களிலேயே, அப்படிச் சொன்ன ஒருவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். ஓய்வு பெற்றவனை விதிகள் கட்டுப்படுத்தாது என்று அப்போது ஓர் எண்ணம்.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், நான் பார்த்த பெரிய மெக்கானிக்குகளைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அவர்களைப் பற்றி அவர்களே போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். நான் சொல்லப்போவது எதிர்வீட்டு மோகனரங்கத்தைப் பற்றி. அவர் மெக்கானிக் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர் மனைவி வசந்தா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். இணைப்பு கிடைக்காமல் கத்துகிறவர்களிடம் பணிக்காலம் முழுவதும் அமைதியாகப் பேசிப் பழகிய குரல் அவருக்கு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. வசந்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் இருந்தது. போகும்போது எதில் வேண்டுமானாலும் போய்விடலாம். திரும்பும்போது தலை சுற்றும், வாந்தி வரும், படுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பின்சீட்டு வேண்டும். மாஸ்டரிடம் ஒரு கார் இருந்தது. அந்த மாடல் தயாரிப்பு நின்று பல வருஷமாகியிருந்தது. பிரேக்குக்கு எல்லாச் சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் வழி. அதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் நாலு சக்கரமும் ஒன்றாகக் கைவிடும். அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு மனிதர்கள் மீது நம்பிக்கை அதிகம்.

பிரேக் கோளாறு என்று பட்டறையில் விட்டால் "நாளைக்கு வாங்க சார்" என்பார்கள். நாளைக்குப் போனால் மறுபடி நாளைக்கு. டயாலிசிஸை அப்படி நாளைக்குத் தள்ள முடியாது. இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் வேலையை முடிக்க வேண்டும், அதை நாமே செய்தால்தான் முடியும் என்ற முடிவோடு அவர் என்னிடம் வந்தார். நான் சிரித்தது அப்போதுதான். அவர் கோபப்படவில்லை. "சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா, முதல்ல எந்த வீலைக் கழட்டணும்னு சொல்லுங்க சார்" என்றார்.

வேலையின் விவரங்களை உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, மொழிநடையும் பரவாயில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை, தனியாளாகச் செய்ய முடியாதது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். காலும் கையும் ஒரு கணம் தவறினாலும் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். நம் பட்டறைகளில் இதற்குக் கெட்ட வார்த்தைகளே சமிக்ஞை. மாஸ்டர் வீட்டில் பெடலுக்கு யார் என்ற கேள்வி வந்தது. நான் என் முழங்காலைத் தடவிக்கொண்டேன். வசந்தா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

முதல் நாள் எதுவும் சரிவரவில்லை. மாஸ்டர் கீழே இருந்து குரல் கொடுப்பார். மின்சார ரயில் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி என்று எதிலாவது அது அமுங்கிப்போகும். வசந்தாவால் பதிலுக்குக் கத்த முடியாது, மூச்சு வாங்கும். கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாஸ்டர் சக்கரத்தில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் மிதித்துப் பிடிக்க வேண்டும், இரண்டு தட்டினால் விட வேண்டும். செய்துவிட்டேன் என்பதற்கு வசந்தா கார்க் கதவை விரல் முட்டியால் ஒரு முறை தட்டுவார். அதன்பிறகு பேச்சே இல்லை. டிங். டொக். டிங் டிங். டொக். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போனது. நடுவில் ஒருமுறை மாஸ்டர் வேறு ஸ்பேனர் தேடிக்கொண்டு நேரமாக்கியபோது, மேலேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, பார்ட்டி லைன்லதான் இருக்காங்க. ரொம்ப நேரம் ஹோல்டுல போடாதீங்க."

முதல்முறையாக வேலை முடிந்து பெடல் கெட்டியானதும், மாஸ்டர் தானே போய் உட்கார்ந்து ஒருமுறை மிதித்துப் பார்த்தார். மறுபடியும் மிதித்தார். இறங்கவே மனமில்லை. "மூடின பாத்திரத்துல இருக்கிற திரவத்தை ஒரு இடத்துல அழுத்தினா, அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாம போகும். சர்வீஸ் பூரா போர்டுல எழுதியிருக்கேன் சார். இன்னிக்குத்தான் கால்ல பார்க்கிறேன்" என்றார். நான் பல்லாயிரம் பெடல்களை மிதித்தவன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, வீட்டுக்குப் போய் என் காரில் உட்கார்ந்து ஒருமுறை சும்மா மிதித்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அவர் பிராக்டிகல் வகுப்பு ஆரம்பித்தார். வேண்டுமென்றே குழாயில் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு, பெடல் எப்படி இருக்கிறது என்று இருவரும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்ப்பார்கள். ஒரு திருகை இம்மியளவு தளர்த்தி, எண்ணெய் கசியும்போது பெடல் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் பழையபடி சரிசெய்வார்கள். தோட்டக் குழாயால் சக்கரங்களுக்குள் தண்ணீர் அடித்து, தெருக்கோடிவரை ஓட்டி, நனைந்த பிரேக் எப்படி ஏமாற்றுகிறது என்று பார்ப்பார்கள். கெட்டுப்போனதைச் சரிசெய்யத்தான் நாம் படித்தோம். ஒழுங்காக இருப்பதைக் கெடுத்துப் பார்த்து, கெடுதலுக்கும் கெடுதலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலால் படிக்க வேண்டும் என்று என் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. தெருவில் சிலர் இதைக் கிறுக்கு என்றார்கள். அதை முதலில் சொன்னவன் யார் என்பது இப்போது முக்கியமில்லை.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பித் தெருக்களுக்குள் வந்துவிட்டது. முந்தைய டயாலிசிஸுக்கு அவர்களால் போகவே முடியவில்லை. அடுத்த முறைக்கான நாள் விடிந்தபோது வசந்தாவின் முகம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்திருக்கிறார். இனியும் தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். ஆம்புலன்சுக்கும் கால் டாக்சிக்கும் மாற்றி மாற்றிப் போன் செய்தோம். ஏரிப் பக்கம் வர முடியாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். மற்றவர்கள் எடுக்கவே இல்லை. தெருமுனையில் ஒரு ஆட்டோகூட இல்லை.

மாஸ்டர் காரை எடுத்தார். நடுவழியில் தள்ள வேண்டியிருந்தால் ஓர் ஆள் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டார். வசந்தா முன்சீட்டில் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு சற்றுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்படி இருந்தால்தான் மூச்சு வந்தது. நான் பின்னால்.

முதல் கியரில், எஞ்சின் அணைந்துவிடாமல், சக்கரம் பாதி மூழ்கும் தண்ணீரில் ஊர்ந்தோம். எது சாலை, எது கால்வாய் என்று தெரியவில்லை. ஓரிடத்தில் இடது முன்சக்கரத்தின் அடியில் ஏதோ பிறாண்டியது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்து, குரோம்பேட்டை ரயில்வே கேட்டுக்கு ஏறும் சாலைக்கு வந்தோம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் லேசான ஏற்றம், அந்தப் பக்கம் சரிவு. சரிவின் முடிவில் ஜி.எஸ்.டி. சாலை. கேட் திறந்திருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த வண்டிகள் வேகவேகமாகத் தாண்டிக்கொண்டிருந்தன. கேட்மேன் வெளியே வந்து மூடுவதற்குத் தயாராக நின்றார். மழையில் ரயில்கள் தட்டுத்தடுமாறி ஓடிய நாள் அது. ஒருமுறை மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மாஸ்டர் பெடலை ஒருமுறை மிதித்துவிட்டுச் சொன்னார்: "சார், பெடல் இறங்குது."

"நனைஞ்சிருக்கும்" என்றேன்.

"நனைஞ்சா பெடல் கெட்டியா நிக்கும், வண்டிதான் நிக்காது. இது கால் கூடவே இறங்குது. எங்கேயோ எண்ணெய் போகுது."

அவர் சொன்னது சரி. சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. முன்சக்கரத்தில் பிறாண்டியது ரப்பர் குழாயைக் கிழித்திருக்க வேண்டும். நான் என் மூளையில் இருந்த எல்லா நடைமுறைகளையும் ஒரே மூச்சில் புரட்டிப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் இருக்கிறது. முதல் கியர் இருக்கிறது. சரிவு பெரிய சரிவு இல்லை. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் சிறிது தூரம்தான். இந்தப் பக்கம் நின்றால், மூச்சு முட்டும் ஒருவரை வைத்துக்கொண்டு மூடிய கேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

"தாண்டிடுங்க மாஸ்டர். கியர்லயே இறக்கிடலாம். கேட் மூடிட்டா அவ்வளவுதான்" என்றேன். குரலை உயர்த்தியும் சொன்னேன்.

மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "வசந்தா, தாண்டினா அந்தப் பக்கம் இறக்கத்துல ஜனங்க இருப்பாங்க. பிரேக் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. நிறுத்தினா கேட்டை மூடிடுவான்."

வசந்தா ஒரு மூச்சை முடித்து அடுத்ததை எடுத்தார். "எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். நிறுத்துங்க."

மாஸ்டர் காரை இடது ஓரத்துக்கு ஒதுக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு எஞ்சினை அணைத்தார். எங்கள் கண்முன்னால் கேட் இறங்கியது.

நெருக்கடியில் தப்பான முடிவு எடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முட்டாள்கள் குறைவு. பெரும்பாலும் நோயாளியை வைத்துக்கொண்டிருந்தவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள், அவசரத்துக்கு நியாயமான காரணம் இருந்தவர்கள். காரணம் எவ்வளவு நியாயமோ, அவ்வளவு வேகமாகப் போய் முட்டுவார்கள். மாஸ்டருக்கு இருந்ததைவிட நியாயமான காரணம் யாருக்கும் இருந்திருக்காது. அந்தக் காரணம் பக்கத்து சீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தினார். அதற்கு அனுமதி கொடுத்ததும் அந்தக் காரணம்தான்.  

பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் ஜன்னல் பக்கம் குனிந்து, "இன்னா சார், கேட்டு தொறந்துகினு இருக்கசொல்லோ இங்க வந்து ஓரங்கட்டிகினு கீறே? உன்னால நானும் மாட்டிகினேன்" என்று ஆரம்பித்தார். உள்ளே வசந்தாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அம்மாவுக்கு இன்னா?" என்றார். சொன்னேன். அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு, தன் மழைக்கோட்டைக் கழற்றி, சக்கரத்தின் அருகே மண்டியிட்ட மாஸ்டரின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேறு வண்டிக்கு வசந்தாவை மாற்ற முடியுமா என்று நான் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஷேர் ஆட்டோவை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்களும் நனைந்த இருசக்கர வண்டிகளோடு நின்றார்கள். எப்படியும் மூடிய கேட்டைத் தாண்டி எதுவும் போகப்போவதில்லை.

ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வைத்தால் முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட முடியும். ஒரு முள்கம்பித் துண்டு சுற்றிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாயின் கீழ்நுனியில் கிழிசல். எண்ணெய் மழைத்தண்ணீரோடு கலந்து வழிந்தது. உடனே நிறுத்தியதால் எண்ணெய்க் கிண்ணம் இன்னும் காலியாகவில்லை. காலியாகியிருந்தால் எல்லாச் சக்கரங்களுக்கும் காற்றுப் புகுந்திருக்கும், சாலையோரத்தில் ஒன்றும் செய்திருக்க முடியாது. மாஸ்டர் டிக்கியில் இருந்து பிரேக் எண்ணெய்ப் புட்டியையும், கடித்தால் பிடியை விடாத பூட்டுக் குறடு ஒன்றையும், சைக்கிள் டியூப் துண்டையும் எடுத்துவந்தார். கிழிசலுக்கு மேலே டியூபைச் சுற்றி, குறட்டால் குழாயை நெரித்துப் பூட்டிவிட்டால், அந்த ஒரு சக்கரம் போனாலும் மற்ற மூன்றும் பிடிக்கும்.

"சார், உங்க புத்தகத்துல கூடாதவைன்னு ஒரு அத்தியாயம் இருக்கே. அதுல முதல் ஐட்டம் இது" என்றார்.

"செய்யுங்க. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்" என்றேன்.

குறட்டை இறுக்கிவிட்டுப் பெடலை மிதித்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். கசிந்தால் விட்டு, மறுபடி இறுக்கி, மறுபடி மிதிக்க வேண்டும். நான் ஓட்டுநர் கதவைத் திறந்தேன். முழங்கால் வலி அன்று எனக்கு இல்லை. அதற்குள் வசந்தா ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் ஸ்டீயரிங்கையும் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தார். "வேண்டாம்மா, நான் பண்றேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஹாரன் சத்தம், மழை, கேட்டின் மணி. அந்த இரைச்சலில் குரலுக்கு வேலையே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டுகளைப் படிக்கத் தெரிந்த கால் அங்கே ஒன்றுதான் இருந்தது. நான் விலகி, போக்குவரத்துப் போலீஸ்காரராக நடுச்சாலைக்குப் போனேன்.

டிங். கதவில் டொக். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. வசந்தா பெடலை அமுக்கிப் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடியிருந்தார். தோள் மூச்சுக்காக மேலும் கீழும் போய்வந்தது, தொடையும் காலும் அசையவில்லை. டிங் டிங். டொக். மாஸ்டர் குறட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். டிங். டொக். ஒரு ரயில் கடந்துபோனது. அந்தச் சத்தத்தில் தட்டுவது எனக்குக் கேட்கவில்லை, வசந்தாவுக்குக் கேட்டது. சக்கரத்தில் தட்டுவது உலோகத்தின் வழியாக அவர் பாதத்துக்குப் போயிருக்க வேண்டும். இதற்கும் இயற்பியலில் விளக்கம் இருக்கிறது. ஆனால் நடுச்சாலையில் நின்ற நான் தலை நனைந்ததையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் எழுந்து ஜன்னலருகே வந்தார். "இறங்குதா?"

"இல்ல. நிக்குது. நம்ம பெடல் மாதிரி இல்ல, ஆனா நிக்குது."

குறட்டைச் சக்கரத்தில் இடிக்காமல் கம்பியால் இழுத்துக் கட்டினார். எண்ணெய் ஊற்றினார். கேட் இன்னும் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மனைவியை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தி உட்கார வைத்தார். பிறகு மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையில் மிக நீளமான காத்திருப்பு அது. ஒவ்வொரு மூச்சும் காருக்குள் கேட்டது. மாஸ்டர் மனைவியின் முதுகில் கையை வைத்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் செய்தது சரியா என்று கேட்பதுபோல அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை.

கேட் திறந்தது. தாண்டினோம். சரிவில் மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கீழே ஒரு பஸ் நின்றுபோய்க் கூட்டம் சாலையை அடைத்திருந்தது. மாஸ்டர் பெடலை மிதித்தார். கார் வலது பக்கம் லேசாக இழுத்தது, அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார், நின்றது. ஹேண்ட்பிரேக்கும் முதல் கியரும் மட்டுமே இருந்திருந்தால் அந்த இடத்தில் நின்றிருக்குமா என்று நான் இன்றும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சில நாள் நின்றிருக்கும் என்று வருகிறது. சில நாள் வருவதில்லை.

ஆஸ்பத்திரியில் வசந்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓடினார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று நர்ஸ் மாஸ்டரைத் திட்டினார். அவர் மழை என்று மட்டும் சொன்னார். டயாலிசிஸ் முடிந்து, முகத்தின் வீக்கம் வடிந்து, பழைய குரலில் "காபி குடிச்சீங்களா சார்?" என்று வசந்தா என்னிடம் கேட்டபோது மழை விட்டிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோக்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

வாசலில் கார் நின்றது. மூன்று சக்கரப் பிரேக்கோடு, எங்கள் தெருவரை மெதுவாக ஓட்டிப் போவதில் ஆபத்து அதிகம் இல்லை. காலையில் சோதித்துப் பார்த்ததுதானே என்று மாஸ்டரிடம் சொன்னேன். அம்மா பின்சீட்டில் படுத்துக்கொண்டு வரலாம் என்றும் சொன்னேன்.

மாஸ்டர் காரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வரும்போது அவளுக்கு வேற வழி இல்ல சார். போகும்போது இருக்கு. நாளைக்குப் புதுக் குழாய் வாங்கிட்டு வந்து இங்கேயே மாட்டிக்கிறேன்."

இதை உங்களுக்கு நான் எப்படி எடுத்துச் சொல்வது? அவசரத்துக்குப் போட்ட கம்பிக்கட்டோடு மாதக்கணக்கில் ஓடிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். முன்னமே தாங்கியது, இனியும் தாங்கும் என்று கையெழுத்துப் போட்ட அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். நெருக்கடியில் விதியை மீறத் தெரிந்தவர்கள் நம் தொழிலில் ஏராளம். நெருக்கடி முடிந்த அதே நிமிஷம் விதிக்குத் திரும்பத் தெரிந்த ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்தேன்.

ஆட்டோவில் வசந்தா கணவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பியபடி, மாஸ்டர் காரைப் பூட்டிவிட்டு வந்ததைப் பார்த்திருந்தவர் போல, "சொந்தமா காரு வச்சுக்கினு ஆட்டோல வர்றீங்களே சார், இன்னா மேட்டரு?" என்று கேட்டார்.

கண்ணைத் திறக்காமலே வசந்தா பதில் சொன்னார்.

"அதுக்கு உடம்பு சரியில்லப்பா."